கையடக்க சால்டரிங் அயர்ன்: சூட்டை எப்படி அளக்கிறது, மின்சாரத்தை எப்படிக் கேட்டு வாங்குகிறது?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



நம் சங்கத்தின் கருவிப் பெட்டியில் டிரில்லிங் மெஷின், ஏணி, ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கின்றன. வேண்டியவர்கள் வாட்ச்மேன் அறையில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிறோம். அந்தப் பெட்டியில் ஒரு சால்டரிங் அயர்னும் வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் கோரிக்கை வந்தது. பொம்மைக் காரின் ஒயர் விட்டுப் போவது, எமர்ஜென்சி விளக்கின் பேட்டரி இணைப்பு கழன்றுபோவது, காலிங் பெல் ஒயர் அறுந்து போவது, இவற்றுக்கெல்லாம் ஒரு பொட்டு ஈயம் வைத்தால் போதும். அதற்காகப் பொருளையே தூக்கிப் போடுகிறோம்.

கோரிக்கையில் யாருக்கும் மாறுபாடு இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் இரண்டு கட்சி. சுவர் பிளக்கில் செருகும் சாதாரண 25 வாட் அயர்ன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது போதும் என்றார்கள் பெரியவர்கள். பேனா போல ஒன்று வந்திருக்கிறது, லேப்டாப் சார்ஜரில் ஓடும், சூட்டைத் திரையில் காட்டும், அதை வாங்கலாம் என்றார்கள் இளைஞர்கள். அதன் விலை சில ஆயிரம். அப்படி என்ன அதில் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லும்படி செயலாளர் என்னைப் பணித்தார்.

நான் பி.காம். படித்தவன். வாழ்நாள் முழுவதும் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்தச் சின்னச் சின்ன வேலைகள் எனக்குப் பொழுதுபோக்கு. ஆகவே எஞ்சினியர் பாஷையில் இல்லாமல், கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

சூடு வேறு, வாட் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 60 வாட் அயர்ன் 25 வாட் அயர்னைவிட அதிகமாகச் சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்னில் அப்படி இல்லை.

உலை கொதிக்கிறது. அரிசியைக் களைந்து போட்டதும் கொதி அடங்கிவிடுகிறது அல்லவா? சிறிய பர்னராக இருந்தால் மறுபடி கொதி வர நேரமாகும். பெரிய பர்னராக இருந்தால் சீக்கிரம் வந்துவிடும். இரண்டிலும் தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 100 டிகிரியில்தான். பெரிய பர்னர் தண்ணீரை 150 டிகிரிக்குக் கொண்டுபோவதில்லை. இழந்த சூட்டைச் சீக்கிரம் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

சால்டரிங்கிலும் இதே கதை. அயர்ன் முனை செப்பைத் தொட்டவுடன் அதன் சூட்டைச் செப்பு உறிஞ்சிக்கொள்கிறது. முனையின் சூடு இறங்குகிறது. அதை எவ்வளவு சீக்கிரம் மீட்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது வாட். எந்த அளவில் நிறுத்துகிறோம் என்பதைத் தீர்மானிப்பது சூட்டை அளக்கும் ஏற்பாடு. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் நல்ல அயர்ன்.

எவ்வளவு சூடு வேண்டும்? வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் கலக்காத இன்றைய வகைகளில் பரவலான ஒன்று 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். முனையை அதைவிட நூறு, நூற்றைம்பது டிகிரி அதிகமாக வைத்துக்கொள்வார்கள். 320 முதல் 350 வரை என்பது வீட்டு வேலைக்குப் பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் முனை கறுத்துப் போகும், சர்க்யூட் போர்டில் ஒட்டியிருக்கும் செப்புத் தடம் உரிந்து வரும். உரிந்த தடத்தை மறுபடி ஒட்டுவது லேசான காரியம் அல்ல. பழுது பார்க்கப் போய்ப் பொருளையே கெடுத்த கதையாகிவிடும்.

நம் பொற்கொல்லர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெங்காரம் வைத்து, பற்றாசு வைத்து, ஊதுகுழலால் ஊதி நகையைப் பற்றவைப்பார்கள். பொன்னின் நிறத்தைப் பார்த்தே எப்போது நிறுத்துவது என்று கண்டுபிடிப்பார்கள். 'பொடி வைத்து ஊதுகிறான்' என்ற வழக்கே அந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். அவர்களுக்குக் கண்ணே அளவுகோல். நமக்கு அந்தக் கண் இல்லை. கருவிக்கு ஒரு கண் வேண்டும்.

சாதாரண 25 வாட் அயர்னுக்கு அந்தக் கண் கிடையாது. அது நிற்காமல் சூடேறிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் சூடும் காற்றில் போகும் சூடும் சமமாகும் இடத்தில் நிற்கும். சும்மா ஸ்டாண்டில் கிடந்தால் வேலைக்குத் தேவையானதைவிட மேலே போய்விடும். தடித்த ஒயரில் வைத்தால் தேவைக்குக் கீழே இறங்கிவிடும். மின்விசிறி போட்டால் ஓர் அளவு, நிறுத்தினால் ஓர் அளவு. கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் இதை வைத்துக்கொண்டு அற்புதமாக வேலை செய்வார். மாதம் ஒருமுறை எடுக்கும் நமக்கு அது சிரமம்.

அளப்பது எப்படி?

கணினி சிப் இல்லாத காலத்திலேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட் என்ற முறையில், முனையின் பின்புறம் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கும். குறிப்பிட்ட சூடு வந்ததும் அந்தத் துண்டு காந்தத்தன்மையை இழந்துவிடும். அதுவரை அதை இழுத்துப் பிடித்திருந்த காந்தம் விலகும், ஸ்விட்ச் அணையும். சூடு இறங்கியதும் காந்தம் மறுபடி ஒட்டும், ஸ்விட்ச் போடும். முனையில் 7 என்று பொறித்திருந்தால் 700 ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 370 செல்சியஸ். சூட்டை மாற்ற வேண்டுமானால் முனையையே மாற்ற வேண்டும். எளிமையான, கெட்டியான ஏற்பாடு.

இன்றைய பேனா வகை அயர்ன்களில் தெர்மோகப்பிள் இருக்கிறது. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் கிடைக்கும். தாமஸ் யோகான் சீபெக் 1821-இல் கண்ட விளைவு இது. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். அதை அளந்தால் சூடு தெரிந்துவிடும்.

எவ்வளவு சிறியது என்றால், தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தரும். 350 டிகிரிக்குச் சுமார் 14 மில்லிவோல்ட். ஒரு சாதாரண டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இது நூறில் ஒரு பங்கு. இந்தச் சில்லறையை எண்ணித்தான் திரையில் 350 என்று காட்டுகிறது.

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. டி.எஸ்.100, பைன்சில் போன்ற அயர்ன்களின் முனையைக் கழற்றிப் பார்த்தால், பின்பக்கம் மின் இணைப்புக்கு இரண்டே இடங்கள்தான். ஹீட்டருக்கு இரண்டு, தெர்மோகப்பிளுக்கு இரண்டு என்று நான்கு வேண்டாமா? வேண்டாம். ஹீட்டர் சுருளும் தெர்மோகப்பிளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பாதையில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வழியில்தான் 20 வோல்ட் உள்ளே போகிறது. அதே வழியில்தான் 14 மில்லிவோல்ட் வெளியே வர வேண்டும். ஒன்று மற்றொன்றைப் போல ஆயிரத்து நானூறு மடங்கு பெரியது. மேளச் சத்தத்தில் காதோடு சொல்லும் ரகசியம் கேட்குமா?

அதனால் மேளத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சிப் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துகிறது. சில மில்லிநொடிகள் காத்திருக்கிறது. அலை அடங்கியதும் அந்தச் சிறிய அழுத்தத்தைப் பெருக்கி அளக்கிறது. குறைவாக இருந்தால் மறுபடி மின்சாரம் தருகிறது. இது நொடிக்குப் பல முறை நடக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது புரியும். கவுண்டரில் வரவும் பட்டுவாடாவும் நடந்துகொண்டிருக்கும்போது கைவசப் பணத்தைச் சரிபார்க்க முடியாது. ஒரு நிமிடம் கவுண்டரை நிறுத்தி, எண்ணி, எழுதி, பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவோம். இந்த அயர்ன் அதையே நாள் முழுவதும் சலிக்காமல் செய்கிறது.

எண்ணிய பிறகு எவ்வளவு கொடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூடு இலக்கைத் தொடும்வரை முழு மின்சாரம் கொடுத்துவிட்டுத் தொட்டதும் நிறுத்தினால், அந்த வேகத்தில் இலக்கைத் தாண்டிப் போய்விடும். பால் பொங்கும் வரை முழுத் தீயில் வைத்தால் அடுப்பில் வழிகிறதல்லவா, அதே போல. அதனால் இலக்கு நெருங்க நெருங்கத் தீயைக் குறைக்கிறது. முனை இலக்கைவிட எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரமாகப் பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறது.

கைப்பிடிக்குள் இன்னொரு வெப்பமானி

தெர்மோகப்பிளுக்கு ஒரு குறை உண்டு. அது சூட்டை நேராகச் சொல்லாது. முனைக்கும் கைப்பிடி முனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்லும். 'வித்தியாசம் 300' என்றால் முனை எத்தனை? கைப்பிடிப் பக்கம் எத்தனை டிகிரி என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். தொடக்க இருப்பு தெரியாமல் வரவை மட்டும் வைத்து இறுதி இருப்பு போட முடியாது என்பதைப் போல.

ஆகவே கைப்பிடிக்குள், முனை வந்து சேரும் இடத்துக்கு அருகில், இன்னொரு சிறிய வெப்பமானி இருக்கிறது. அது சொல்வதை வித்தியாசத்தோடு கூட்டினால்தான் திரையில் வரும் எண். இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் வேலை செய்வதும், மார்கழியில் கொடைக்கானலில் 12 டிகிரியில் வேலை செய்வதும் 26 டிகிரி வித்தியாசம் காட்டும். ஒரு மணி நேரம் வேலை செய்தால் கைப்பிடியே சூடாகிறது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதனால் நமக்கு ஒரு நடைமுறைப் பாடம். இத்தகைய அயர்ன்களில் அளவைச் சரிசெய்யும் வசதி இருக்கும். அதை, முனையும் கைப்பிடியும் இரண்டும் அறைச் சூட்டில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் அது குறித்துக்கொள்கிறது. சற்று முன் வேலை செய்த சூடான அயர்னில் இதைச் செய்தால் பூஜ்யமே தப்பாகிவிடும். பிறகு எல்லாக் கணக்கும் தப்பு.

மின்சாரத்தைக் கேட்டு வாங்குவது

இப்போது இரண்டாவது பாதி. அயர்ன் எவ்வளவு வாட் இழுக்கும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கொடுக்கும் வோல்ட், ஹீட்டரின் ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பள்ளியில் படித்ததுதான்.

டி.எஸ்.100 வகை முனையின் ஹீட்டர் ஏறத்தாழ 8 ஓம். கணக்குப் போடுவோம். 5 வோல்ட் கொடுத்தால் 3 வாட். 9 வோல்ட்டில் 10 வாட். 12 வோல்ட்டில் 18 வாட். 15 வோல்ட்டில் 28 வாட். 20 வோல்ட்டில் 50 வாட். கவனியுங்கள், வோல்ட் நான்கு மடங்காகும்போது வாட் பதினாறு மடங்காகிறது. ஆகவே இந்த அயர்னின் உயிர்நாடி வோல்ட்டில் இருக்கிறது.

பழைய வகை போன் சார்ஜர் தருவது 5 வோல்ட். 3 வாட்டில் ஈயம் உருகாது. டைப்-சி துளையில் வரும் பி.டி. எனப்படும் பவர் டெலிவரி முறைதான் இந்தப் பேனா அயர்ன்களுக்கு வாழ்வு தந்தது. அதில் சார்ஜரும் கருவியும் பேசிக்கொள்கின்றன. செருகியதும் முதலில் 5 வோல்ட் மட்டுமே வரும. பிறகு, கேபிளில் இதற்கென்றே இருக்கும் ஒரு மெல்லிய கம்பி வழியாகச் சார்ஜர் தன் பட்டியலைச் சொல்லும்: '5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தருவேன், 9 வோல்ட்டில் 3 தருவேன், 15-இல் 3 தருவேன், 20-இல் இவ்வளவு தருவேன்.' கருவி அதிலிருந்து ஒன்றைக் கேட்கும். சார்ஜர் ஒப்புக்கொண்டு அந்த வோல்ட்டுக்கு மாறும். பேச்சு முடியும் முன்பு 20 வோல்ட் வராது. அதனால்தான் லேப்டாப் சார்ஜரில் சாதாரண போனைச் செருகினாலும் ஒன்றும் ஆவதில்லை.

இங்கேதான் நம் கணக்கு அறிவு வேலை செய்ய வேண்டும். '45 வாட்' என்று எழுதிய ஒரு சார்ஜரை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியலில் 20 வோல்ட் உண்டு, ஆனால் 2.25 ஆம்பியர்தான். 20-ஐ 2.25-ஆல் பெருக்கினால் 45. சரி. ஆனால் நம் 8 ஓம் ஹீட்டர் 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். சார்ஜர் தருவேன் என்று சொன்னதைவிட அதிகம். மீறி இழுத்தால் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆகவே ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் உள்ள அயர்ன் 20-ஐ விட்டுவிட்டு 15 வோல்ட்டைக் கேட்கும். அதில் கிடைப்பது 28 வாட். சார்ஜர் மேல் 45 என்று எழுதியிருக்கிறது, கைக்கு வருவது 28.

வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருந்தவர்கள் சிரிக்கிறீர்கள். லிமிட் பத்து லட்சம் என்று சாங்ஷன் கடிதத்தில் இருக்கும். சரக்கு இருப்பைப் பார்த்து டிராயிங் பவர் ஏழு லட்சம் என்று போடுவோம். எடுக்க முடிவது ஏழுதான். சார்ஜர் மேல் எழுதியிருப்பது லிமிட். நம் முனையின் ஓம் தீர்மானிப்பது டிராயிங் பவர்.

'அயர்ன் பாதி நேரம்தானே மின்சாரம் எடுக்கிறது, சராசரி குறைவாகத்தானே இருக்கும்?' என்று கேட்கலாம். சராசரி குறைவுதான். ஆனால் எடுக்கும் அந்தக் கணத்தில் முழு 2.5 ஆம்பியரையும் எடுக்கும். ஹீட்டர் வெறும் கம்பிச் சுருள். அதற்குக் கொஞ்சமாக எடுக்கத் தெரியாது. அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டுத்தான் சராசரியைக் குறைக்கிறார்கள். எனவே சார்ஜர் அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும்.

65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் தரும். 8 ஓம் முனைக்குத் தாராளம். முழு 50 வாட்டும் கிடைக்கும். பைன்சிலுக்கு 6.2 ஓம் குட்டை முனையும் உண்டு. அது 20 வோல்ட்டில் 3.2 ஆம்பியர், 64 வாட் இழுக்கும். 65 வாட் சார்ஜருக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

கேபிளையும் மறக்கக் கூடாது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு சிறிய சிப் இருக்க வேண்டும். அது 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று சார்ஜரிடம் சொன்னால்தான் சார்ஜர் 3-க்கு மேல் பட்டியலிடும். ஒருபக்கம் பழைய அகல யு.எஸ்.பி., மறுபக்கம் டைப்-சி உள்ள கேபிளில் இந்தப் பி.டி. பேச்சே நடக்காது. 'அயர்ன் சூடாகவே இல்லை' என்று யாராவது சொன்னால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

இதில் நமக்கு என்ன?

இந்த அளத்தலும் கேட்டு வாங்குதலும் சேர்ந்ததால் மூன்று நன்மைகள் வருகின்றன.

ஒன்று, சூடாக நேரம் ஆகாது. நல்ல சார்ஜரில் ஏறக்குறைய பத்து நொடியில் 300 டிகிரி. சாதாரண அயர்ன் சில நிமிடங்கள் கேட்கும். காத்திருக்கும் நேரத்தில் போன் மணி அடிக்கும், நாம் எழுந்து போய்விடுவோம். மறதி அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு, அது நம் மறதியைப் பார்த்துக்கொள்ளும். கைப்பிடிக்குள் அசைவை உணரும் சிப் இருக்கிறது. சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் சூட்டை 150 டிகிரி போன்ற அளவுக்கு இறக்கிவிடும். இன்னும் அப்படியே கிடந்தால் அணைத்துவிடும். கையில் எடுத்ததும் சில நொடியில் தயார். இன்னொன்று, முழு மின்சாரம் கொடுத்தும் சூடு ஏறவில்லை என்றால், ஏதோ கோளாறு என்று நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் நல்ல நிரல்களில் உண்டு. அளக்கத் தெரிந்த கருவியால்தான் சந்தேகப்படவும் முடியும்.

மூன்று, கைக்கு வருவது 230 வோல்ட் அல்ல, 20 வோல்ட். சாதாரண அயர்னின் முனை அதன் ஒயர்மேலேயே பட்டு உறை உருகினால், உள்ளே இருப்பது வீட்டு மின்சாரம். பேனா வகையில் அந்த ஆபத்து சார்ஜரோடு நின்றுவிடுகிறது. சிலிகான் உறை போட்ட கேபிள் என்றால் சூட்டையும் தாங்கும்.

ஆனால் இந்த நன்மை எதுவும் 350 டிகிரி முனையைக் குளிர்ந்ததாக ஆக்கிவிடாது. பொம்மை போல, பேனா போல இருப்பதுதான் இதன் ஆபத்து. குழந்தை கையில் எடுத்தால் அசைவை உணர்ந்து, 'எஜமான் வந்துவிட்டார்' என்று உடனே சூடேறும். தூங்கும் அயர்னும் 150 டிகிரி என்பதை மறக்க வேண்டாம். கொதிக்கும் தண்ணீரைவிட அது அதிகம்.

ஆகவே என் பரிந்துரை இது. சங்கம் வாங்குவதானால் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் வகையை வாங்கலாம். தனியாக அயர்னை மட்டும் வாங்கக் கூடாது. 65 வாட் பி.டி. சார்ஜர், 5 ஆம்பியர் கேபிள், ஒரு ஸ்டாண்ட், பித்தளைச் சுருள் நார் இவற்றை ஒரே பையில் போட்டு, பையின் மேல் பட்டியல் ஒட்டி வைக்க வேண்டும். கேபிள் மட்டும் காணாமல் போனால் மொத்தப் பையும் வீண். கையெழுத்துப் போடுபவர் பதினெட்டு வயதைக் கடந்தவராக இருக்கட்டும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். எழும்பும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸில் உள்ள பைன் மரப் பிசினின் புகை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் கலந்த ஈயம் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.



கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

'சார், என்னிடம் ஒன்று இருக்கிறது. திரையில் 350 என்கிறது, ஈயம் உருகவில்லை. பொய் சொல்கிறதா?' (சி பிளாக் உறுப்பினர்)

பொய் இல்லை. அது அளப்பது முனைக்கு உள்ளே. ஈயம் தொடுவது முனைக்கு வெளியே. நடுவில் கறுத்த துரு படிந்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியே வராது. பித்தளை நாரில் துடைத்து, உடனே புது ஈயம் பூசுங்கள். வேலை முடித்து அணைக்கும்போதும் முனையில் கொஞ்சம் ஈயம் பூசியே வையுங்கள். இன்னொரு காரணம், ஊசி முனை. தடித்த ஒயருக்கு ஊசி முனை போதாது. உளி போன்ற தட்டை முனை போட்டால் அதே 350-இல் நன்றாக உருகும். 450-க்கு ஏற்றிப் பார்ப்பது தீர்வே அல்ல.

'அண்ணா, ஆன்லைனில் 5 வோல்ட், 8 வாட் என்று மலிவாக ஒன்று வருகிறதே?' (ஏ பிளாக் சகோதரி)

அது வேறு ரகம், அம்மா. அசையாமல் வைத்தால் அணைந்துகொள்ளும். ஆனால் சூட்டை அளப்பது கிடையாது. மெல்லிய ஒயருக்குப் போதும். தடித்ததில் வைத்தால், சின்ன பர்னரில் பெரிய உலை வைத்தது போல ஆகிவிடும்.

'தாத்தா, பவர் பேங்கில் எவ்வளவு நேரம் ஓடும்?' (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

நீயே கணக்குப் போடு, கண்ணா. 10,000 மில்லி ஆம்பியர் மணி, உள்ளே செல் 3.7 வோல்ட். பெருக்கினால் 37 வாட் மணி. சராசரியாக 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள். மூன்று மணி நேரம் வரும். வழியில் வீணாவதைக் கழித்தால் அதைவிடக் குறைவு. ஆனால் பவர் பேங்கும் பி.டி. முறையில் 20 வோல்ட் தருவதாக இருக்க வேண்டும். சில பவர் பேங்குகள், அயர்ன் தூங்கும்போது 'ஒன்றும் இணைக்கவில்லை' என்று நினைத்து அணைந்துவிடும். அதற்காகவே அவ்வப்போது ஒரு துளி மின்சாரம் இழுத்து 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் அமைப்பு பைன்சில் போன்றவற்றில் உண்டு. செட்டிங்கில் அதைப் போட்டுவிட்டால் போதும். செய்து பார்க்கும்போது அப்பா பக்கத்தில் இருக்கட்டும்.